மறைந்த ரயில் அன்பர்கள்: கல்வெட்டு வைப்பதா, குறிப்பேடுகளைக் காப்பாற்றுவதா?

விழுப்புரம் சந்திப்பு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். இந்த ஆண்டு நம் சங்கத்துக்குப் பெரிய இழப்புகள். சித்திரையில் பொன்மலை ஐயா காலமானார். ஆடியில் செங்கோட்டை அண்ணாச்சி. சென்ற மாதம் மாயவரத்து ஐயாவும் நம்மை விட்டுப் போய்விட்டார். மூவரையும் ஊர்ப் பெயரால்தான் அழைத்து வந்தோம். குடும்பத்தாரைக் கேட்காமல் முழுப்பெயரைப் பொதுவில் எழுதுவது முறையில்லை என்பதால் இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

ஆண்டுக் கூட்டத்தில் மறைந்தவர்களுக்காக எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறோம், அடுத்து வரவு செலவு வாசிக்கிறோம். இவர்களுக்கு அது போதாது. நாம் கூடும் மண்டபத்தின் சுவரில் ஒரு கல்வெட்டுப் பதிக்கலாம் என்று நினைக்கிறேன். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து மறைந்த எல்லோருடைய பெயரும் அதில் இருக்கட்டும். செலவில் பாதியை நான் ஏற்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அதோடு, அவர்களைப் பற்றி உங்கள் மனதில் இருப்பதையும் எழுதுங்கள்.

மாயவரத்து ஐயாவைப் பற்றி முதலில் நானே எழுதுகிறேன். விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று போகும் மெயின் லைனில் எந்த வண்டிக்கு எந்த ஆண்டில் எந்த எஞ்சின் என்று கேட்டால், அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். 'பார்த்துச் சொல்கிறேன்' என்பார். ஒரு வாரத்தில் அஞ்சலட்டை வரும். அதில் எஞ்சின் எண், பெட்டிகளின் எண்ணிக்கை, எத்தனை நிமிடம் தாமதம் என்பது வரை இருக்கும். கைப்பேசி வந்த பிறகும் அவர் அஞ்சலட்டையை விடவில்லை. ஊகத்தை ஒருநாளும் தகவலாகச் சொன்னதில்லை. தெரியாததற்கு 'என்னிடம் குறிப்பு இல்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்.

எண் 4 யார்டு எழுதியது:

அண்ணா, பொன்மலை ஐயாவைப் பற்றி நான் எழுதுகிறேன். திருச்சிக்காரன் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928இல் பொன்மலைக்கு வந்தது. ஐயாவின் தாத்தா அந்தப் பணிமனையோடு நாகப்பட்டினத்திலிருந்து குடிபெயர்ந்தவர். மூன்று தலைமுறையாகக் கொதிகலன் வேலை. நீராவி எஞ்சினின் கொதிகலனுக்குள் குழாய்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, முனையை விரித்து, நீர் கசியாமல் அடைக்கும் வேலையைப் புத்தகத்தைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. சுத்தியலால் தட்டிவிட்டு, எழும் ஓசையை வைத்தே கொதிகலன் சுவர்களைப் பிணைக்கும் எந்தத் தாங்குகம்பி உடைந்திருக்கிறது என்று ஐயா சொல்வார்.

நீலகிரி மலைப்பாதைக்கான எக்ஸ் வகை எஞ்சின்கள் முதலில் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தவை. அவற்றில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டம் தொடங்கியதும், அந்த இரண்டிலிருந்து வெளியேறும் நீராவி மற்ற இரண்டுக்குள் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். 12 அடி போனால் 1 அடி ஏற வேண்டிய ஏற்றத்தை அந்த எஞ்சின் அப்படித்தான் ஏறுகிறது. இதை நான் சில வரியில் எழுதிவிட்டேன். ஐயா என்னைப் பற்சட்டம் தொடங்கும் கல்லாறில் இறக்கி, பாதையோரம் நிற்கவைத்து, கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். எஞ்சின் பற்சட்டத்தில் ஏறிய இடத்தில் ஓசையின் தாளம் மாறியது. 'இப்போது நான்கும் வேலை செய்கின்றன' என்றார். அன்றைக்குப் புரிந்ததுதான், இன்றுவரை எந்த வரைபடமும் எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

அதே எக்ஸ் வகையைப் பொன்மலையிலேயே புதிதாகக் கட்டத் தொடங்கியபோது அவர் ஓய்வு பெற்று நெடுநாளாகியிருந்தது. இளைஞர்கள் சிலர் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் பெயர் எந்த ஆவணத்திலும் இருக்காது. கல்வெட்டில் முதல் பெயராக அவருடையதை எழுதுங்கள் என்பது என் கோரிக்கை.

சிவப்புக் கொடி எழுதியது:

கல்வெட்டுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்தப் பணத்தை அதில் போட வேண்டாம் என்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் கொங்குப் பகுதியில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இறந்தார். நீராவிக் காலம் முழுவதும் படம் எடுத்தவர். காரியம் முடிந்து, ஒரு மாதம் போகட்டும், துக்க வீட்டில் போய் நெகட்டிவ் கேட்பது நாகரிகமில்லை என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒரு மாதம் கழித்துப் போனபோது வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. பெட்டிகள் பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டன. குடும்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். அவற்றுக்கு மதிப்பு உண்டு என்று அவர்களுக்கு யார் சொன்னது? நாம் யாரும் சொல்லவில்லை. அவர் எடுத்த படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை, மற்றவர்களுக்கு அவர் பிரதி போட்டுக் கொடுத்தவை மட்டுமே.

அவருக்கு ஒரு கல்வெட்டு வைத்தால் அவரது பெயர் நிற்கும். ஆனால் அவர் பார்த்த உலகம் போய்விட்டதே! 1999இலோ 2000இலோ பிறந்த ஒரு பையனுக்கு, மலைப்பாதைகளை விட்டால், இந்திய ரயில்வேயின் அன்றாட நீராவி வண்டியைப் பார்த்த நினைவே இருக்க முடியாது. அகலப்பாதையில் 1995 டிசம்பரோடு அது முடிந்தது. ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜ் பாதையிலும் சில ஆண்டுகளில் முடிந்துவிட்டது. சென்னைக் கடற்கரை, தாம்பரம் இடையே 1931இல் தொடங்கிய மீட்டர்கேஜ் மின்ரயில்கூட 2004இல் நின்றுபோனது. அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்து, கையால் எழுதிவைத்தவர்கள் இவர்கள். மறைந்தவரை மதிப்பது என்றால் அவர் எழுதியதை மதிப்பது என்றுதான் எனக்குப் படுகிறது.

என் யோசனை இது. கல்வெட்டுப் பணத்தில் நெகட்டிவ் வருடும் நல்ல ஸ்கேனர் ஒன்று, அமிலம் இல்லாத காகித உறைகள், ஈரப்பதம் உறிஞ்சும் பொட்டலங்கள், இரண்டு வன்தட்டுகள் வாங்குவோம். உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் இப்போதே பேசுவோம். 'உங்களுக்குப் பிறகு' என்று வாய்விட்டுக் கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் கேட்போம்.

நெல்லை பாசஞ்சர் எழுதியது:

சிவப்புக் கொடி அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லோரும் குறிப்பேடு வைத்திருக்கவில்லை. கேமரா வாங்கும் வசதியும் எல்லோருக்கும் இல்லை. நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த கடம்பூர்ப் பெரியவரை நினைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு லெவல் கிராசிங் பக்கத்தில் கடை வைத்திருந்தார். கேட் மூடியிருக்கும் நேரத்தில்தான் வியாபாரம். அந்த நேரத்திலும் வியாபாரத்தை விட்டுவிட்டு வெளியே வந்து நின்று வண்டியைப் பார்ப்பார். நாம் படமெடுக்கப் போனால் எங்கே நின்றால் வெயில் எதிரே அடிக்காது, எந்த வண்டி எத்தனை மணிக்கு வளைவில் திரும்பும் என்று சொல்லிவிடுவார். அவர் சொன்ன இடத்தில் நின்று நாம் எடுத்த படங்கள் நம் பெயரில் இருக்கின்றன. அவரிடமிருந்து காப்பாற்ற என்ன குறிப்பேடு இருக்கிறது?

குறிப்பேடுகள்தான் நினைவு என்று வைத்துவிட்டால் இப்படிப்பட்டவர்கள் மறுபடியும் கணக்கில் வராமல் போவார்கள். கல்வெட்டில் எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். அதனால்தான் எனக்கு அது வேண்டும்.

செங்கோட்டை அண்ணாச்சியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அவர் ஒலிப்பதிவுக்காரர். செங்கோட்டை, புனலூர் மலைப்பாதையில் முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, வண்டி ஏறுகிற ஓசையை ஆரியங்காவுப் பக்கம் உட்கார்ந்து கேசட்டில் பிடித்திருக்கிறார். இரண்டு ஓட்டுநர்களும் விசிலால் பேசிக்கொள்வது அதில் கேட்கிறது. 1904இல் திறந்த பாதை அது. 2010இல் மீட்டர்கேஜை நிறுத்தி, 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். பதின்மூன்று கண் பாலம் அப்படியே நிற்கிறது. ஆனால் அந்த ஓசையை இனி அந்த மலையில் போய்க் கேட்க முடியாது. கேசட்டுகள் அவருடைய தம்பியிடம் பத்திரமாக இருக்கின்றன, நானே போய்ப் பார்த்தேன்.

சிவப்புக் கொடி எழுதியது:

கடம்பூர்ப் பெரியவரைச் சொன்னதற்கு நன்றி அண்ணாச்சி. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அவர் காட்டிய இடத்தில் எடுத்த படங்களின் விவரத்தில், எடுத்தவர் பெயருக்குக் கீழே 'இடம் காட்டியவர்' என்று அவரையும் எழுதுவோம். நான் எடுத்தவற்றில் இன்றே எழுதுகிறேன்.

கேசட்டுகளை யாரும் ஆசைக்குப் போட்டுக் கேட்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். பழைய நாடா ஒருமுறை சிக்கினால் போய்விடும். நல்ல கருவியில், நாடாவைப் படிக்கும் தலையைத் துடைத்து, முதல் ஓட்டத்திலேயே கணினிக்கு மாற்ற வேண்டும்.

வேல்ஸ் வாசி எழுதியது:

நான் இருக்கும் நாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால் உதவலாம்.

வேல்ஸில் டாலிலின் என்ற, அகலம் குறைந்த ரயில்பாதை இருக்கிறது. பலகைக்கல் சுரங்கத்துக்காகப் போட்டது. உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், தாம் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று நஷ்டத்திலும் ஓட்டினார். 1950இல் அவர் இறந்ததும் டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் பர்மிங்காமில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். 1951 மே மாதம் தொண்டர்களைக் கொண்டே வண்டியை ஓட்டினார்கள். உலகில் தொண்டர்கள் காப்பாற்றி நடத்திய முதல் ரயில்பாதை அதுதான். பக்கத்தில் மூடிப்போன இன்னொரு பாதையிலிருந்து ஒவ்வொன்றும் 25 பவுண்டு என்று இரண்டு எஞ்சின்களை வாங்கி, ஒன்றுக்கு சர் ஹேடன் என்றும், மற்றொன்றுக்குப் பாதையின் பழைய மேலாளர் எட்வர்டு தாமஸ் என்றும் பெயர் வைத்தார்கள். ரோல்ட் 1974இல் இறந்தார். 1991இல் ஓடத் தொடங்கிய ஏழாம் எண் எஞ்சினுக்கு அவர் பெயர்.

தாமஸ் என்ற சின்ன எஞ்சினின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி அங்கே ஆரம்பக் காலத் தொண்டர். 1997இல் அவர் மறைந்த பிறகு, அவர் எழுதிய அறையை மேசை நாற்காலியோடு டைவின் நிலையத்து அருங்காட்சியகத்தில் அப்படியே அமைத்துவிட்டார்கள்.

இன்னொருவர் எரிக் ட்ரேசி. வேக்ஃபீல்டு பேராயராக இருந்தவர், நீராவி எஞ்சின்களைப் படமெடுப்பதில் பெரும் பெயர் பெற்றவர். 1978 மே மாதம் ஆப்பிள்பி நிலையத்தில் ஒரு நீராவிச் சிறப்பு வண்டியைப் படமெடுக்கக் காத்திருந்தபோது நடைமேடையிலேயே உயிர் போனது. அங்கே அவருக்கு நினைவுப் பலகை இருக்கிறது. அவருடைய படத்தொகுப்பு யார்க் நகரத்து தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. பலகையை ஆப்பிள்பிக்குப் போகிறவர்கள் பார்க்கிறார்கள். படங்களை அவர் இறந்த பிறகு பிறந்தவர்களும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் சிவப்புக் கொடி அண்ணன் பக்கம்.

யாழ்தேவி 1956 எழுதியது:

வணக்கம். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒருவரை உங்கள் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் உங்கள் சங்கத்தில் சந்தா கட்டி உறுப்பினராக இருந்தவர், ரொறன்ரோவில் காலமானவர்.

ஐயா கொடிகாமத்தில் பிறந்தவர். 1956 ஏப்ரலில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி புகையிரதம் ஓடத் தொடங்கியபோது பள்ளி மாணவர். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தில் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்கள் அக்காலத்தில் வந்தன. அவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். ஐயாவுக்கு ஒன்ராறியோ என்பது முதலில் ஒரு எஞ்சினின் பெயர். முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து, போர் துரத்த, குடும்பத்தோடு போய் இறங்கிய மாகாணத்தின் பெயரும் அதுவே. இதைச் சொல்லும்போதெல்லாம் அவரால் மேலே பேச முடியாமல் போகும்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஐயா தன் ஞாபகத்திலிருந்து வவுனியாவுக்கு வடக்கே ஒவ்வொரு புகையிரத நிலையத்தின் படத்தையும் வரைந்தார். மேடை எந்தப் பக்கம், கிணறு எங்கே, நிலைய அதிபர் வீடு எங்கே, எந்த மரத்தடியில் மாட்டுவண்டிகள் நிற்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. பாதை புதிதாகிவிட்டது. பல நிலையங்கள் முழுக்கப் புதிதாகக் கட்டப்பட்டன. பழையவை எப்படி இருந்தன என்று அறிய அந்தக் கோட்டுப்படங்கள் வேண்டும். அவருடைய பேத்தி வைத்திருக்கிறார். வருடி அனுப்பச் சம்மதித்துவிட்டார்.

மாயவரம் மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் மாயவரத்து ஐயா என்று எழுதுகிறவரின் மகள் நான். அப்பாவின் அஞ்சலட்டைகளைப் பற்றி விழுப்புரம் அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள்.

பரணில் அப்பாவின் தகரப் பெட்டிகள் இருக்கின்றன. நீள நோட்டுகள், நெகட்டிவ் சுருள்கள், படங்கள். ஒரு பெட்டியைத் திறந்தால் புளித்த காடி வாசனை வருகிறது. என்ன செய்ய வேண்டும்?

நோட்டுகளில் பக்கத்துக்குப் பக்கம் எம்.எஸ்., வி.எம்., டி.ஜே. என்று இருக்கிறது. 'எம்.எஸ். 40 தாமதம்' என்று ஒரு நாள், 'டி.ஜே. சரியான நேரம்' என்று ஒரு நாள். அப்பாவுக்கு இத்தனை நெருக்கமான இவர்கள் யார் என்று அம்மா கேட்கிறார்கள். தெரிந்தால் அவர்களுக்கும் சேதி சொல்ல வேண்டும்.

விழுப்புரம் சந்திப்பு எழுதியது:

அம்மா, அவை ரயில் நிலையங்களின் குறியீடுகள். எம்.எஸ். என்பது சென்னை எழும்பூர். வி.எம். எங்கள் விழுப்புரம், டி.ஜே. தஞ்சாவூர். உங்கள் ஊர் எம்.வி. 1982இல் மயிலாடுதுறை என்று பெயர் மாறியும் குறியீடு மாயவரத்தோடு நின்றுவிட்டது. 'எம்.எஸ். 40 தாமதம்' என்றால் எழும்பூரிலிருந்து வந்த வண்டி அன்று 40 நிமிடம் தாமதமாக வந்திருக்கிறது. சேதி சொல்ல வேண்டிய ஆட்கள் என்றால் நாங்கள்தான். எங்களுக்குத் தெரியும் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

சிவப்புக் கொடி எழுதியது:

தங்கையே, காடி வாசனை வருவது முக்கியமான செய்தி. பழைய அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கினால் அந்த வாசனை வரும். ஒன்றில் தொடங்கினால் அருகில் இருப்பவற்றையும் கெடுக்கும். வாசனை வரும் சுருள்களை இன்றே மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள். இறுக்க மூடிய பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், காற்றாடும் அட்டைப்பெட்டி போதும். பரண் சூடாக இருக்கும், எல்லாவற்றையும் கீழே இறக்கிவிடுங்கள். துடைக்க வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம். படங்களின் பின்னால் எதையாவது எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா கூடாது. எந்தப் படம் எந்த நோட்டோடு சேர்ந்து இருந்ததோ அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். அந்த வரிசையை வைத்தே பல படங்களுக்குத் தேதி கண்டுபிடித்துவிடலாம்.

மாயவரம் மகள் எழுதியது:

பிரித்து வைத்துவிட்டேன் அண்ணா. ஒரு படத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது, நடைமேடைக்கு மேல் மின்கம்பிகள் போகின்றன. ஓரத்தில் என் அண்ணன், அரைக்கால் சட்டையில். பின்னால் எதுவும் எழுதவில்லை. இது எந்த ஊர்?

விழுப்புரம் சந்திப்பு எழுதியது:

மீட்டர்கேஜ் மின்கம்பி தெற்கே விழுப்புரத்தோடு முடிந்தது. தாம்பரத்திலிருந்து 1960களின் நடுவில் அதுவரைதான் இழுத்தார்கள். எழும்பூரிலிருந்து வரும் மின் எஞ்சினை அங்கே கழற்றிவிட்டு, நீராவியையோ டீசலையோ மாட்டித் தெற்கே அனுப்புவார்கள். கம்பியும் நீராவியும் ஒன்றாக இருப்பதால் விழுப்புரம் என்பதே என் முதல் ஊகம், ஆனாலும் படத்தைப் பார்த்துவிட்டு உறுதி சொல்கிறேன். எஞ்சினின் நெற்றியில் எண் தெரிகிறதா? அண்ணனுக்கு அப்போது என்ன வயது இருக்கும்?

மாயவரம் மகள் எழுதியது:

எண் மங்கலாக இருக்கிறது, ஒய்.பி. என்பது மட்டும் தெரிகிறது. அண்ணன் 1970இல் பிறந்தவன். படத்தில் ஏழு வயது மதிக்கலாம்.

எண் 4 யார்டு எழுதியது:

ஒய்.பி. என்பது மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின் வகை ஒன்றின் பெயர். அண்ணனுக்கு ஏழு வயது என்றால் 1977 ஆகஸ்டுக் குறிப்புகளைப் பாருங்கள் அம்மா. அந்த மாதம் 15ஆம் தேதிதான் மதுரைக்கும் எழும்பூருக்கும் இடையே வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. வைகை உங்கள் ஊர் வழியாகப் போகாது, விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைன் என்ற குறுக்குப்பாதை வண்டி. அதைப் பார்க்க வேண்டுமானால் ஐயா விழுப்புரத்துக்குத்தான் வந்திருக்க வேண்டும். பையனையும் அழைத்து வந்திருக்கலாம்.

மாயவரம் மகள் எழுதியது:

இருக்கிறது! ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமை. 'வைகை' என்று எழுதிச் சிவப்பு மையில் இரண்டு கோடு. அதற்குக் கீழே 'பையனுக்கு வி.எம்.இல் ஒய்.பி. காட்டினேன், ஓட்டுநர் ஏற்றிக்கொண்டார்' என்று இருக்கிறது. அண்ணனுக்கு மஸ்கட்டுக்கு போன் செய்து வாசித்துக் காட்டினேன். கரி அள்ளும் மண்வெட்டியைத் தூக்கப் பார்த்தது நினைவிருக்கிறது என்கிறான்.

அப்பாவின் நோட்டுகளை நாங்கள் சங்கத்துக்கே கொடுத்துவிடுகிறோம். படங்கள் மட்டும் வருடியபின் வீட்டுக்கு வர வேண்டும், அம்மா கேட்கிறார்கள்.

விழுப்புரம் சந்திப்பு எழுதியது:

நோட்டுகளும் வீட்டிலேயே இருக்கட்டும் அம்மா, எங்களுக்குப் பிரதி போதும். அவற்றைக் காப்பதற்கு உங்களைவிட உரியவர் யாரும் இல்லை.

நண்பர்களே, எல்லோர் கருத்தையும் படித்தபின் இப்படிச் செய்யலாம் என்று தோன்றுகிறது. என் பங்குப் பணத்தை ஸ்கேனருக்கும் உறைகளுக்கும் கொடுக்கிறேன். நெல்லை அண்ணாச்சி கேட்டபடி எல்லாப் பெயர்களும் ஒரே அளவு எழுத்தில், கடம்பூர்ப் பெரியவரும் கொடிகாமத்து ஐயாவும் உட்பட, ஆண்டுக் கூட்டத்தில் ஒரு பலகையில் இருக்கும். கல்லில் வேண்டாம், மரப்பலகையில் எழுதுவோம். அந்தந்தக் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு முழுப்பெயரை எழுதலாம். மௌனத்துக்குப் பிறகு, வரவு செலவுக்கு முன், ஒவ்வொருவருடைய குறிப்பிலிருந்தோ பேச்சிலிருந்தோ ஒரு பகுதியை யாராவது வாசிக்க வேண்டும். பொன்மலை ஐயாவுக்கு எண் 4 யார்டு தம்பி. செங்கோட்டை அண்ணாச்சிக்கு, கேசட் மாற்றி முடிந்தால், அந்த மலையேற்றத்தையே ஒலிக்கவிடுவோம்.

நெல்லை பாசஞ்சர் எழுதியது:

மரப்பலகைக்கு என் சம்மதம். என் மாமா பழைய மீட்டர்கேஜ் சிலிப்பர் கட்டை ஒன்று வைத்திருக்கிறார், தேக்கு. அறுத்து இழைத்துக் கொண்டுவருகிறேன். எத்தனை பெயர் என்று மட்டும் சொல்லுங்கள்.

சிவப்புக் கொடி எழுதியது:

தங்கையே, வருகிற ஞாயிறு காலை மாயவரம் வருகிறேன். மாலைக்குள் முதல் பெட்டியை முடித்துவிடலாம். விழுப்புரத்தில் அண்ணனும் ஏறிக்கொள்வார். 1977 நோட்டைத் தனியாக எடுத்து வையுங்கள், அந்தப் படத்தின் விவரத்தில் உங்கள் அண்ணனுடைய பெயரை எப்படி எழுத வேண்டும் என்றும் கேட்டு வையுங்கள்.